எருவண்டியில் வந்த கயிறு

1. தை பிறந்த மறுநாள், அக்காவின் வீட்டுக்காரர், எட்டு வருடமாகக் கரையில் கிடந்த தன் அப்பாவின் தோணியைச் செப்பனிட்டுக் கடலில் இறக்கப்போவதாகச் சொன்னார். சரக்கு ஏற்றிக்கொண்டு காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் வரை போவது திட்டம்.

2. அக்கா கூடாது என்றாள்.

3. மூன்று நாள் அவரோடு பேசாமல் இருந்துவிட்டு, “என் தங்கச்சி வந்து பாத்து, சரின்னு சொன்னா போ” என்றாள். மாமா ஒப்புக்கொண்டார்.

4. தை இருபதாம் தேதி வாக்கில், நான் வேலை பார்க்கும் பஞ்சாலையில் இயந்திரங்களைப் பிரித்துப் பழுதுபார்க்க எங்கள் பகுதியை ஆறு வாரம் மூடினார்கள். வில்லியனூரில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு, பாகூர் கொம்யூன் வட்டாரத்தில் கடலோரம் இருக்கும் அக்காவின் ஊருக்குப் போனேன்.

5. தோணியில் சோதிக்க வேண்டியவை என்று முப்பத்தொரு இனங்களை எழுதினேன்.

6. முப்பதைச் சோதித்தேன். ஒன்றை மட்டும், புதியதுதானே என்று, சோதிக்காமலே சரி என்று குறித்தேன்.

7. அந்த ஒன்று கெட்டிருந்தது. அது தெரிந்த அன்று, புறப்படக் குறித்த நாளுக்கு ஒன்பது நாள்தான் பாக்கி.

8. குறித்த நாளுக்கு ஆறு நாள் பிந்தித் தோணி புறப்பட்டது.

அக்கா என்னை ஏன் நம்பினாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கடல் தெரியாது. நீந்தவும் தெரியாது. கன்னியர் மடத்துப் பள்ளியில் படிப்பை முடித்தபின் பஞ்சாலையின் நூல் சோதனை அறையில் இரண்டு வருடம் பயிற்சி பெற்று, அங்கேயே வேலைக்குச் சேர்ந்தேன். என் வேலை நூலை அறுப்பது. ஒரு முனையைப் பிடித்து மறுமுனையில் எடை ஏற்றி, எந்த எடையில் அறுகிறது என்று எழுதுவது. ஒரு நாளைக்கு இருநூறு தடவை அறுப்பேன். அக்காவுக்கு இது விளையாட்டாகத் தெரிந்தது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஆனால் உயிர்போகிற காரியம் வந்தபோது அவள் கூப்பிட்டது என்னைத்தான்.

“வந்துட்டாங்கப்பா தொரசானி” என்றார் மாமா, நான் வண்டியை விட்டு இறங்கியதும். “தோணிய அறுத்துப் பாக்கப் போறியா, பாப்பா?”

“அறுக்க வேண்டியத மட்டும் அறுக்கறேன் மாமா.”

“எங்க அப்பன் கட்டுன மரம். அறுத்தா உன் கத்திதான் மழுங்கும்.”

தோணி உப்பங்கழியின் ஓரத்தில், புன்னைமரத்தடியில், தென்னந்துண்டுகள் மேல் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. நீளம் பதினொன்றரை மீட்டர். ஒரே பாய்மரம். நான்கு பேர் ஓட்டுவது. வெளியிலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உள்ளே இறங்கி உட்கார்ந்தபோது பலகை இடுக்குகள் வழியாக வெளிச்சம் கோடு கோடாக என் புடவையில் விழுந்தது. எட்டு வருட வெயிலில் பலகைகள் சுருங்கியிருந்தன. என் பட்டியலின் முதல் இனம் அங்கேயே எழுதப்பட்டது.

படகு வேலை செய்யும் தச்சரை எங்கள் பக்கத்தில் ஓடாவி என்பார்கள். மாமா அழைத்து வந்திருந்த ஓடாவி அதிகம் பேசாதவர். பழைய அடைப்பையெல்லாம் கொக்கியால் கிளறி எடுத்துவிட்டு, பஞ்சைத் திரித்து இடுக்கில் வைத்து, உளிபோன்ற ஒரு இரும்பால் தட்டித் தட்டி உள்ளே இறக்கினார். அதன்மேல் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினார். பஞ்சு எனக்குத் தெரிந்த பொருள் என்பதால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இன்னும் இறுக்கமாக அடிக்கலாமே என்று எனக்குப் பட்டது. கேட்டேன்.

“பலவ தண்ணி குடிச்சா ஊதும்மா” என்றார். “இப்பவே இறுக்கிப்புட்டா அப்ப எங்க போவும்? ஆணியப் பிடுங்கிக்கினு வெளிய வந்துடும்.”

அதையும் எழுதிக்கொண்டேன். பஞ்சை நான் அறிந்த அளவுக்கு மரத்தை அறியவில்லை என்பது எனக்கு நல்ல பாடம்தான். ஆனால் ஒரு பாடம் போதவில்லை என்பது பிறகு தெரிந்தது.

அடைப்பு முடிந்ததும் தோணிக்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். கரையில் இருக்கும்போதே உள்ளே நீர் நிரப்பினால், ஓட்டை இருக்கும் இடத்தில் வெளியே ஒழுகிக் காட்டிக்கொடுத்துவிடும். நான் சுண்ணாம்புக்கட்டியோடு சுற்றி வந்து, ஒழுகிய இடத்திலெல்லாம் வட்டம் போட்டேன். முதல் நாள் நாற்பத்திரண்டு வட்டம். இரண்டாம் தடவை பதினொன்று. மூன்றாம் தடவை இரண்டு. “தோணிக்கு அம்ம போட்ட மாதிரி இருக்குது” என்று அக்கா சிரித்தாள். நான் வந்ததிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பாய்மரத்தின் அடியைச் சுத்தியலால் தட்டிக் கேட்டேன். உளுத்த சத்தம் இல்லை. சுக்கானின் இரும்புக் கீல் ஒன்று தேய்ந்திருந்தது, மாற்றினோம். துரு வடிந்த கோடு தெரிந்த இடங்களில் பதினேழு ஆணிகளைப் பிடுங்கிப் புது ஆணி அறைந்தோம். பழைய பாயில் கரும்புள்ளி விழுந்த துணியை வெட்டி எடுத்து, வேறு துணி சேர்த்து, நானும் அக்காவும் தைத்தோம். தைத்த பாயை ஆவாரம்பட்டைச் சாயத்தில் தோய்த்துக் காயவைத்தோம். பாய்த்துணியிலிருந்து இரண்டு விரல் அகலக் கீற்றுகள் வெட்டி, எடை கட்டி, அறுத்துப் பார்த்துத்தான் சரி போட்டேன்.

இருபத்து மூன்றாவது இனம்: பாயை ஏற்றும் கயிறு. பாயும் அதைத் தாங்கும் குறுக்குமரமும் ஈரமானால் நான்கு ஆள் எடை. அந்த எடை முழுதும் ஒரே கயிற்றில் தொங்கும். காற்றடிக்கும்போது அது அறுந்தால், மரம் கீழே இருப்பவர் தலையில் விழும், அல்லது பாய் தண்ணீரில் விழுந்து தோணியைச் சாய்த்துவிடும். மாமாவின் அப்பா காலத்தில் அப்படி ஒரு தோணி மூழ்கிப் போயிருக்கிறது. அக்காவுக்குத் தோணி என்றால் பயமே அதனால்தான்.

கயிறு சுருளாகத் தோணிக்குள்ளேயே இருந்தது. சீமைக் கயிறு. “துறைமுகத்துக் கடையில வாங்கனது, புத்தம் புதுசு” என்றார் மாமா. பார்த்தேன். புரிகள் ஒரே சீராக இருந்தன. மீன் எண்ணெய் பூசியிருந்தார். அங்கே எல்லாமே மீன் எண்ணெய் வாசனைதான். புதியது என்று எழுதி, எதிரே சரி போட்டேன். அப்போது எனக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. இது காரணம் அல்ல, நடந்ததைச் சொல்கிறேன்.

மாசி எட்டாம் தேதி மதியம், புன்னைமர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வேலை ஏறக்குறைய முடிந்த சந்தோஷத்தில் அக்காவுக்கு வாய் திறந்துவிட்டது.

“இந்த ஆளு வண்டிமேல குந்திக்கினு வந்த அழக நீ பாத்திருக்கணும்டி. தலப்பாவ அவுத்து மூக்குல கட்டிக்கினு, மாப்பிள்ள ஊர்கோலம் மாதிரி.”

“ஏய், கம்முனு சோத்தப் போடு” என்றார் மாமா.

“சாவடிக்காரன் கிட்ட வந்தானாம். ரெண்டே எட்டு. போ போன்னு கையக் காட்டிட்டானாம்.”

“எந்த வண்டி அக்கா?”

“எருவண்டிடி. கயித்த எருவுக்குள்ள பொதைச்சில்ல கொண்டாந்தாரு.”

இதை வேறு ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும். புதுச்சேரியிலிருந்து அக்காவின் ஊருக்குப் போகிற வழியில், இங்கிலீஷ்காரர்கள் ஆளும் நிலம் ஒரு துண்டு குறுக்கிடுகிறது. பிரெஞ்சு ஊரில் ஏறுகிற சாமான் பிரெஞ்சு ஊரில்தான் இறங்கும். நடுவில் அரைமணி நேரம் வேறு ராஜ்ஜியம். துறைமுகத்தில் வரியில்லாமல் இறங்கும் சீமைச் சாமானுக்கு அந்த அரைமணி நேரத்தில் ஒரு சுங்கச்சாவடியும் வரியும் உண்டு. அதனால் எங்கள் ஜனங்கள் எதையும் அந்தச் சாவடி வழியே நேராகக் கொண்டுபோவதில்லை. வைக்கோலுக்குள், பானைக்குள், பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வயிற்றில் கட்டி என்று எல்லா வழியும் உண்டு. டவுனிலிருந்து வயலுக்குப் போகிற எருவண்டியை யாரும் கிளறமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த வழி.

“வந்த அன்னைக்கே எடுத்துட்டீங்களா?” என்று கேட்டேன்.

“எங்க எடுக்கறது? சாவடி ஆளு ஒருத்தன் மீனு வாங்கற மாதிரி ஊரச் சுத்திக்கினு இருந்தான். அவன் தொலையட்டும்னு எருவோட எருவா குழியிலயே தள்ளி மூடிட்டோம். பன்னண்டு நாளு. மாமியா வூட்டுல மாப்பிள்ள கூட அத்தினி நாளு தங்கமாட்டான்.”

“மழை?”

“ஒரு நாளு பேஞ்சுது. இன்னாத்துக்குக் கேக்கற?”

கையைக் கழுவிக்கொண்டு எழுந்தேன். பஞ்சாலையில் ஒரு தடவை கிடங்கில் நனைந்த பொதிகளை அடுக்கிவிட்டார்கள். பத்து நாள் கழித்துப் பிரித்தபோது நடுப்பொதி கை வைக்க முடியாத சூடு. பார்வைக்குப் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அதில் நூற்ற நூலை நான்தான் அறுத்தேன். அறுத்தேன் என்று சொல்வதுகூடத் தப்பு, அது தானாக விட்டுப்போனது. எருக்குழியின் சூடு அதைவிடக் குறைவாக இருக்க நியாயமில்லை.

“கயிறு இன்னா சோறா, கெட்டுப்போறதுக்கு?” என்றார் மாமா.

“பாத்துடலாம் மாமா. அர மணி நேரம்தான்.”

கயிற்றின் முனையில் ஒரு புரியைப் பிரித்து, அதிலிருந்து ஒரே ஒரு இழையை எடுத்தேன். புன்னைக் கிளையில் கட்டி, கீழே ஒரு கூடையைத் தொங்கவிட்டு, படியால் அளந்து மணலைக் கொட்டினேன். பத்தொன்பது படி வரை தாங்கியது. இன்னொரு இழை, இருபது. மூன்றாவது, பதினெட்டு.

“பாத்தியா?” என்று மாமா ஓடாவியைப் பார்த்துச் சொன்னார். “சீமக்காரன் சாமான்டா.”

எனக்கும் அங்கேயே நிறுத்திவிட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சோதனை அறையில் முதல் நாளே சொல்லித்தருவது, முனையிலிருந்து மட்டும் எடுக்காதே என்பது. முனைப்பக்கம் சுருளின் வெளிச்சுற்று. அது குழியின் ஓரத்தில் இருந்திருக்கும், முதலில் காய்ந்திருக்கும். சூடு நடுவில்தான் தங்கும்.

“நடுவுலேர்ந்து ரெண்டு முழம் வெட்டணும்.”

“இன்னாது?” மாமா எழுந்துவிட்டார். “புதுக் கயித்த நடுவுல வெட்டுவியா? அப்புறம் அது கயிறா, ரெண்டு கயிறா?”

“வெட்டு” என்றாள் அக்கா. சோற்றுக் கரண்டி இன்னும் அவள் கையில் இருந்தது.

வெட்டினேன். முதல் இழை ஆறு படியில் அறுந்தது. இரண்டாவது ஐந்து. மூன்றாவது, கூடையைக் கட்டும்போதே என் விரலில் வந்துவிட்டது. பத்து இழை வரை செய்தேன். ஒன்றுகூட எட்டைத் தாண்டவில்லை.

மாமா கிட்டே வந்தார். வெட்டிய துண்டிலிருந்து முழுப் புரி ஒன்றைப் பிரித்தார். ஒரு நுனியைத் தோணியின் விளிம்பு வளையத்தில் முடிந்து, மறுநுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, காலை மணலில் ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தார். டப் என்று ஒரு சத்தம். அவர் மணலில் உட்கார்ந்திருந்தார். அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு சத்தம் வேறு மாதிரி வந்தது.

நான் பட்டியலை எடுத்து, இருபத்து மூன்றாவது இனத்தின் எதிரே இருந்த சரியைக் கோடு போட்டு அடித்தேன். நல்ல கயிற்றையும் கெட்ட கயிற்றையும் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது என்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். பார்த்தே சரி போட்டிருந்தேன். அக்கா அந்தக் கதையை வேடிக்கைக்காகச் சொல்லியிராவிட்டால் என்ற நினைப்பு அன்று முழுவதும் என்னை விடவில்லை.

மாமாவுக்கு வேறு கவலை. மாசிக்குள் புறப்பட்டால் வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். பங்குனியில் காற்று தெற்கிலிருந்து வீசத் தொடங்கிவிடும். பிறகு எதிர்க்காற்றில் முக்கிக்கொண்டு போக வேண்டும். நடுவை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துப் பின்னலாமா என்று கேட்டார். அளந்தேன். நல்லதாக மிஞ்சியது தேவையில் பாதிகூட இல்லை. தன் அப்பாவின் பழைய கயிறு இருக்கிறதே என்றார். அதிலும் ஓர் இழை எடுத்தேன்; கையிலேயே அறுந்தது. அவரே வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

மறுநாள் காலையில் மாமா தன் கட்டுமரத்தைப் பக்கத்து ஊர்க்காரருக்கு விற்று, புதுக் கயிற்றுக்குப் பணம் கொண்டுவந்தார். அதை வைத்துத்தான் தினமும் மீனுக்குப் போய்க்கொண்டிருந்தார். இனி தோணி போனால்தான் வீட்டில் சோறு. அக்காவிடம் அதைச் சொல்லும்போது தரையைப் பார்த்துச் சொன்னார். அக்கா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இரண்டாவது கயிற்றை வாங்க நானும் கூடப் போனேன். கடையிலேயே சுருளைப் பிரிக்கச் சொல்லி நடுவிலிருந்து இழை எடுத்தேன். கடைக்காரருக்குக் கோபம். கூடைக்கும் மணலுக்கும் அவர் வாசலில் இடம் கொடுக்கவேண்டி வந்ததில் இன்னும் கோபம். இருபது, இருபத்தொன்று, இருபது. வண்டியில் ஏற்றியதும் மாமா வழக்கப்படி, “வைக்கோலு வாங்கியாரட்டுமா?” என்றார்.

“வேணாம் மாமா. மேலயே இருக்கட்டும்.”

“சாவடியில கேப்பான்.”

“கேட்டா சொல்லலாம்.”

மாமா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மாட்டை ஓட்டினார்.

சாவடியில் காக்கிக் கோட்டு போட்ட ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் வயதுக்கும் மாமா வயதுக்கும் நடுவே இருக்கும். கயிற்றைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், எழுந்தே வந்துவிட்டார்.

“இன்னாது இது?”

“கயிறு” என்றேன். எங்கே வாங்கியது, எங்கே போகிறது, எத்தனை மீட்டர், எதற்கு என்று எழுதி வைத்திருந்த தாளை நீட்டினேன்.

அவர் அதை மெதுவாகப் படித்தார். “பிரெஞ்சு ஊர்லேர்ந்து பிரெஞ்சு ஊருக்குப் போற சாமானுக்கு வழிச்சீட்டு இருக்குது. எழுதி வாங்கிக்கினா வரி இல்ல. தெரியாதா?”

“தெரியாது.”

“யாரு கேட்டீங்க, தெரியறதுக்கு? நான் இங்க வந்து நாலு வருஷம். ஒருத்தரும் கேட்டதில்ல. எல்லாரும் எருவுல பொதைச்சுக்கினுதான் போறீங்க.” மாமாவின் பக்கம் திரும்பினார். “போன மாசம் ஒரு எருவண்டி போச்சு. ஒரு ஆளு மூக்குல துணி கட்டிக்கினு. எருவ விக்கறவன் எவன்யா மூக்க மூடுவான்?”

மாமா மாட்டின் கழுத்தைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“கண்டுபிடிச்சீங்களா?” என்றேன்.

“கண்டுபிடிச்சா நான்தான கிளறணும்?” என்றார் அவர்.

சீட்டு எழுத அரைநாள் ஆயிற்று. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை; அச்சடித்த சீட்டுதான் இல்லை. யாரும் கேட்காததால் தீர்ந்ததா, வந்ததே இல்லையா என்று அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவர் சொல்லச் சொல்ல நானே ஒரு தாளில் கட்டம் போட்டுக் கொடுத்தேன். அதில் எழுதி முத்திரை குத்தினார். “இன்னும் நாலு போட்டுக் குடுத்துட்டுப் போம்மா” என்றார். ஆறு போட்டுக் கொடுத்தேன்.

வண்டி பிரெஞ்சு எல்லைக்குள் நுழைந்தபின் மாமா வாய் திறந்தார். “எங்க அப்பன் காலத்துலேர்ந்து பொதைக்கறோம், பாப்பா.” கொஞ்ச தூரம் போனபின், “உங்க அக்காகிட்ட மூக்குத் துணியால அவன் கண்டுபிடிச்சத மட்டும் சொல்லாத” என்றார்.

தோணியைத் தண்ணீரில் இறக்கியபோது இடுக்குகளில் நீர் கசிந்தது. ஓடாவி கவலைப்படவில்லை. இரண்டு நாள் முறை வைத்து இறைத்தோம். மூன்றாம் நாள் பலகைகள் ஊதி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன; இறைக்கிற பாத்திரம் காய்ந்து கிடந்தது. புதுக் கயிற்றில் நனைந்த பாயை ஏற்றி, மாமாவும் அவரோடு போகும் மூன்று பேரும் சேர்ந்து தொங்கிப் பார்த்தார்கள். பட்டியலின் முப்பத்தொன்றும் முடிந்தன. அக்கா அதை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும், ஒவ்வொரு சரியின்மேலும் விரல் வைத்து எண்ணினாள். அடித்த இடத்தில் விரல் நின்றது. பக்கத்தில் புதிதாகப் போட்ட சரியைக் காட்டினேன்.

“போய்ட்டு வா” என்று அவரிடம் சொன்னாள்.

மாசி இருபத்து மூன்றாம் தேதி காலை, வாடை இன்னும் ஓயாமல் இருந்தது. தோணி கழிமுகத்தைத் தாண்டி, பாய் நிமிர்ந்து, தெற்கே திரும்பியது. பாய் மறையும் வரை நிற்காமல் அக்கா வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். நான் நின்று பார்த்தேன்.

முதல் கடிதம் காரைக்காலிலிருந்து பதினைந்தாம் நாள் வந்தது. யாரையோ எழுதச் சொல்லியிருந்தார். நான் படித்தேன், அக்கா அடுப்பை விட்டு எழுந்து வந்து கேட்டாள். பரங்கிப்பேட்டைக்கு வெளியே திடீர்க் காற்றும் மழையும் பிடித்துக்கொண்டதாம். நனைந்த பாயை மூன்று தடவை இறக்கி ஏற்றினார்களாம். “நாங்க நாலு பேரும் சொகம். கயிறும் சொகம்” என்று எழுதியிருந்தது. அக்கா அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். கடிதத்தோடு அங்கேயே உட்கார்ந்துகொண்டேன்.

இப்போது பங்குனி முடியப்போகிறது. தோணி நாகப்பட்டினத்தில் நங்கூரம் போட்டு நிற்கிறது. நான்கு பேரும் நன்றாக இருக்கிறார்கள். தெற்குக் காற்று நிலைத்துவிட்டதால் சித்திரையில் வடக்கே திரும்புவார்கள். அக்கா வில்லியனூரில் எங்களோடு இருக்கிறாள். மில் திறந்துவிட்டது, நான் காலை வண்டியில் வேலைக்குப் போய் வருகிறேன்.